ரெட்டைப்பனைத் துறையின் எல்லம்மா

நாணல்மேடு என்று ஓர் ஊர் இருந்தது என்பதற்கு எல்லம்மாவையும் அவள் வயசுக்காரர்கள் நாலைந்து பேரையும் தவிர வேறு சாட்சி இல்லை என்கிற காலம் வந்துவிட்டது. ஆரணி ஆறு பழவேற்காட்டு ஏரியில் வந்து விழுகிற இடத்தில், ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டைக்கு மேற்கே தோணியில் இரண்டு நாழிகை போனால் அந்த ஊர். பதினெட்டு வீடுகள். எல்லாம் நாணல் வேய்ந்தவை. ஊருக்கு முன்னால் இரண்டு பனைகள் ஒரே குழியில் நட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனடியில் தோணி கட்டுகிற இடத்துக்கு ரெட்டைப்பனைத் துறை என்று பேர்.

அந்தக் குடிகளுக்கு வலை கிடையாது. கைதான் வலை. கழுத்தளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் பனையோலையில் முடைந்த பறிக்கூடையில் போட வேண்டும். பறியின் காது பல்லுக்கு நடுவில் இருக்கும். ஆகவே வேலை நேரத்தில் யாரும் பேச முடியாது. எல்லம்மாவின் தங்கை காசிக்கு அதுதான் பெரிய தொல்லை. பத்து இறால் பிடிப்பதற்குள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, அந்தக் கொக்கு நம்மளயே பாக்குது பாரேன்."

எல்லம்மா பதிலுக்கு முறைப்பாள். அவ்வளவுதான் முடியும்.

தாய் இல்லாத பெண்கள். அப்பன் பெருமாள் தோணி தள்ளுகிறவன். நைனா, நைனா என்று இரண்டும் அவன் பின்னாலேயே சுற்றி வளர்ந்தன. ஏரியில் எந்த மாசம் எந்தப் பக்கம் தண்ணீர் உப்புக் கரிக்கும், ஆற்று வெள்ளம் வந்ததும் இறால் எந்தத் திட்டுக்கு ஓடி ஒதுங்கும் என்பதெல்லாம் எல்லம்மாவின் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி சேற்றைக் கொடுத்தால் போதும், இது இன்ன இடத்துச் சேறு என்பாள்.

பிரபவ வருஷம் மழை பொய்த்தது. ஆறு மணலாகக் கிடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. வழக்கமாக ஊர்க்காரர்கள் கூடி வெட்டித் திறந்துவிடுவார்கள். அந்த வருஷம் வெட்ட வெட்டக் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. வெளியிலிருந்து தண்ணீர் வராமல், உள்ளே இருப்பதும் வெயிலில் சுண்டி, ஏரி உப்புக் காய்ச்சுகிற பாத்தி மாதிரி ஆயிற்று. மீன் செத்து மிதந்தது. வடக்கே சண்டை, கோல்கொண்டா விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தெலுங்குச் சனங்கள் சாரிசாரியாக வந்தார்கள். வந்தவர்களுக்கும் சோறில்லை, இருந்தவர்களுக்கும் சோறில்லை.

அந்தச் சமயத்தில்தான் தரகர்கள் ஊர் ஊராக வந்தார்கள். கப்பலுக்கு ஆள் வேண்டும், வாலிப வயசாக இருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும் சரி. கடல் தாண்டி ஜாவாத் தீவில் பத்தாவி என்கிற ஊரில் வேலை, மூணு வேளைச் சோறு. கொடுக்கிற வீட்டுக்கு அரிசி. நாணல்மேட்டில் ஆறு வீடுகள் சரி என்றன. ஏழாவது வீடு பெருமாளுடையது.

எல்லம்மாவே ஒத்துக்கொண்டாள். அவளுக்குப் பதினெட்டு வயசு, காசிக்குப் பதினைந்து. மூத்தவள் போவதுதான் முறை. மறுநாள் விடிந்ததும் தரகன் வருவான் என்று பேச்சு. விடிகாலையில் எல்லம்மா, போவதற்கு முன் அப்பனுக்கும் தங்கைக்கும் ஒரு குடம் நல்ல தண்ணீராவது வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போனாள். தண்ணீர் ஊற நேரமாயிற்று. குடம் நிரம்பித் திரும்பி வந்தபோது வீட்டில் அப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அரிசி மூட்டை.

"காசி எங்க நைனா?"

பெருமாள் தலை நிமிரவில்லை.

"நான்தான் எல்லம்மான்னு சொல்லிட்டுத் தானா ஏறிக்கிச்சி. நான் சொன்னா கேக்கல. 'அக்காவுக்குக் கை பேசும், எனக்கு வாய்தான் பேசும். கை இருந்தாத்தானே நைனா உனக்குச் சோறு'ன்னிச்சி."

எல்லம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏரி வற்றிக் கிடந்ததால் பாதி வழி சேற்றிலேயே ஓட முடிந்தது. முழங்கால் வரை புதைந்து எழுந்து, கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கப்பல் தூரத்தில் நின்றது. கரையிலிருந்து சலங்கு என்கிற பெரிய படகுகளில் ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சலங்கில் காசி இருந்தாள். அலையைத் தாண்டிவிட்டது.

எல்லம்மா மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினாள். பேர் சொல்லித்தான் கத்தினாள், வேறு எதுவும் வரவில்லை. காசி எழுந்து நின்றாள். யாரோ அவளை இழுத்து உட்காரவைத்தார்கள். அதற்குள் அவள் கத்தியது காற்றில் வந்து விழுந்தது.

"ரெட்டைப்பனைத் துறைக்கே வந்துடுவேன்க்கா! நீ அங்கேயே நில்லு!"

அந்த அரிசியை எல்லம்மாவும் தின்றாள். இரண்டு நாள் தின்னவில்லை, மூன்றாம் நாள் தின்றாள். அதைப் பற்றி அவள் வெகுகாலம் யாரிடமும் பேசியதில்லை. அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. முகத்துவாரம் தானாகவே உடைத்துக்கொண்டு திறந்தது. இறால் வந்தது. பெருமாள் அதற்கடுத்த கோடையில் செத்துப்போனான். பெரிய நோய் என்று ஒன்றும் இல்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தவன் ஒருநாள் எழுந்திருக்கவில்லை. எல்லம்மாவைப் பக்கத்துக் குப்பத்துத் தோணிக்காரன் நீலமேகம் கட்டிக்கொண்டான். நாணல்மேட்டை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொன்னதால், அவன்தான் தோணியோடு அங்கே வந்து குடியிருந்தான்.

காசி போன ஏழாவது வருஷம் ஆற்றில் பெருவெள்ளம். மூன்று நாள் இடைவிடாமல் பெய்த மழையில் ஆறு தன் பழைய வாயை விட்டுவிட்டுத் தெற்கே ஒரு கூப்பிடு தூரம் தள்ளிப் புது வாய் வெட்டிக்கொண்டது. போகிற போக்கில் நாணல்மேட்டுக் கரையைப் பாளம் பாளமாகத் தின்றது. சனங்கள் முன்கூட்டியே மேட்டுக்கு ஏறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நாலாம் நாள் பார்த்தபோது ஊர் இருந்த இடத்தில் தண்ணீர்தான் பளபளத்தது. பனைகள் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டே மிதந்து போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான்.

ஊர்க்காரர்கள் புது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்மேட்டில் குடிசை போட்டார்கள். அதற்குப் புதுமேடு என்று பேர் வந்தது. எல்லோரும் அங்கே பழகிக்கொண்டார்கள். எல்லம்மாவுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை.

"காசி வந்தா எங்கன்னு வந்து இறங்கும்? துறையே இல்லியே" என்றாள் நீலமேகத்திடம்.

"வந்தா கேட்டுக்கினு வராதா? வாயாடின்னு நீதானே சொன்ன."

"யாரக் கேக்கும்? நாணல்மேடுன்னா நாளைக்கு யாருக்குத் தெரியும்?"

நீலமேகம் தோணியைப் பார்க்கப் போய்விட்டான். அவளே ஒரு மூங்கில் கழியைக் கொண்டுபோய்ப் பழைய துறை இருந்த இடத்தில், விரலால் சேற்றைத் தடவி அடையாளம் கண்டு, ஊன்றிவிட்டு வந்தாள். அடுத்த வெள்ளத்தில் அது போயிற்று. மறுபடி ஊன்றினாள். தோணிக்காரர்கள் வழியில் கழி இடிக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் வருஷம் அவள் கழி தேடி அலைந்தபோது, நீலமேகமே நல்ல முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, முனை சீவித் தோணியில் போட்டு வைத்திருந்தான்.

"இத்த ஆழமா ஊணு. அடிக்கடி வெட்ட என்னால ஆவாது" என்றான். ஒவ்வொரு மார்கழியிலும் அதையேதான் சொன்னான். ஒவ்வொரு மார்கழியிலும் வெட்டினான்.

எல்லம்மாவுக்கு முப்பத்தாறு வயசு இருக்கும்போது கோட்டையிலிருந்து ஓர் ஒல்லாந்தன் படகில் வந்தான். ஆறும் ஏரியும் எங்கெங்கே ஆழம், எங்கெங்கே திட்டு என்று காகிதத்தில் வரைகிற உத்தியோகம் அவனுக்கு. கூடவே அவன் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல சாலமன் என்கிற துபாஷி. ஏரியின் அந்த மூலையை அறிந்தவர் யார் என்று விசாரித்ததில் எல்லோரும் எல்லம்மாவைக் கைகாட்டினார்கள்.

மூன்று நாள் அவள் அந்தப் படகின் முனையில் உட்கார்ந்து வழி காட்டினாள். அவன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விடுவதற்கு முன்பே அவள் ஆழம் சொல்வாள். கயிறு அதையே சொல்லும். ஒல்லாந்தன் முதலில் சிரித்தான், அப்புறம் கயிற்றை விடுவதையே பாதி நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் மூங்கில் கழி இருந்த இடத்துக்கு வந்தார்கள்.

"இது இன்னா கழின்னு கேக்குறாரு" என்றான் சாலமன்.

"நாணல்மேடு. ரெட்டைப்பனைத் துறை. எழுதிக்கச் சொல்லுங்க."

சாலமன் பேசினான். ஒல்லாந்தன் சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்.

"ஊர் இல்லாத இடத்துல ஊர்ப்பேர் எழுதக் கூடாதாம்மா. கப்பல்காரன் நம்பி வந்து ஏமாந்துடுவான்றாரு."

எல்லம்மா கை நீட்டி அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மூணு நாளா நான் சொன்னதுல ஒண்ணாவது பொய்யா இருந்திச்சான்னு கேளுங்க" என்றாள்.

அதைக் கேட்டு ஒல்லாந்தன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். இறகை மையில் தொட்டு, மெல்லிய எழுத்தில் ஏதோ எழுதினான்.

"'முன்னே இங்கே நாணல்மேடு இருந்தது'ன்னு எழுதிட்டாரு" என்றான் சாலமன்.

"இந்தக் காயிதம் பத்தாவிக்குப் போவுமா?"

"ஒரு நகல் போகும். ஏன்?"

அவள் முகத்தைப் பார்த்ததும் சாலமனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தக் கரையில் இப்படி முகம் வைத்துக்கொண்டவர்களை அவன் நிறையப் பார்த்திருந்தான்.

"யாரு போனது?"

"தங்கச்சி."

"ஏம்மா, அந்தக் காகிதம் ஒரு பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கும். உன் தங்கச்சியா வந்து அந்தப் பெட்டியத் தொறக்கப் போவுது? மனுஷன் கிட்ட சொல்லியனுப்பு. பழவேற்காட்டுக்குள்ள அப்துல் ஷுக்கூர் மரக்காயர்னு ஒருத்தர் தையில துணி ஏத்திக்கினு பத்தாவிக்குப் போறாரு, ஆடியில திரும்புறாரு. அவரப் பாரு."

அப்துல் ஷுக்கூர் வீட்டுப் பின்வாசலில்தான் பத்து வருஷமாக எல்லம்மா இறால் விற்கிறாள். அவர் மனைவி லத்தீபா பறியைக் கொட்டிப் பார்த்துப் பேரம் பேசுவாள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பாள், முதுகு வலிக்குத் தைலம் கூடக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டு மனுஷன் கப்பலில் போகிறவர் என்று தெரியும். எங்கே போகிறார் என்று எல்லம்மா கேட்டதில்லை.

மறுநாள் போய்ச் சொன்னாள். அரிசி மூட்டை வரை சொன்னாள். லத்தீபா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பத்து வருஷமா என் வீட்டு வாசல்ல உக்காந்து எழுந்து போற. ஏன் வாயத் தொறக்கல?"

"அந்த அரிசிய நானும் தின்னேன்ல, அம்மா. எந்த மூஞ்ச வெச்சிக்கினு தேடச் சொல்றது?"

லத்தீபா உள்ளே போய்ப் புருஷனை அழைத்து வந்தாள்.

அப்துல் ஷுக்கூர் நிதானமான ஆள். முழுவதும் கேட்டுவிட்டு, "பேரு சொல்லித் தேட முடியாதும்மா. அங்க போனதும் வேற பேரு வெச்சிடுவாங்க. இருபது வருஷத்துல முகமும் மாறிடும். நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

எல்லம்மா யோசித்தாள். "நாணல்மேட்டுலேர்ந்து முகத்துவாரத்துக்குப் போற வழியில எத்தினி திட்டு, இன்னா பேருன்னு கேளுங்க மரக்காயரே. கொக்குத்திட்டு, பன்னித்திட்டு, ஓட்டுத்திட்டு, நண்டுமேடு, கன்னித்திட்டு. அஞ்சு. வரிசையாச் சொல்லணும். எங்க ஊருல பொறக்காதவங்களுக்கு அது தெரியாது."

அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

முதல் வருஷம் வெறுங்கையோடு திரும்பினார். பத்தாவியில் நம் கரையிலிருந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்றும், விசாரித்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். எல்லம்மா அந்த வருஷமும் கழி ஊன்றினாள். இரண்டாம் வருஷம் ஆடி மாசம், காற்று சுழற்றிச் சுழற்றி அடித்த ஒரு பிற்பகலில், லத்தீபா ஆள் அனுப்பினாள். எல்லம்மாவும் நீலமேகமும் தோணியை எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

"இருக்காம்மா" என்றார் அப்துல் ஷுக்கூர், அவள் உட்காருவதற்கு முன்பே.



அவர் சொன்னது இது. பத்தாவியிலும் ஓர் ஆறு இருக்கிறது, அது கடலில் விழுகிற இடத்தில் மீன் அங்காடி இருக்கிறது. அங்கே வாழையிலையில் மீன் சுட்டு விற்கிற ஒருத்தி தமிழ் பேசுவாள் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தார். நரை விழுந்திருந்தது. அடிமையாக வேலை செய்த வீட்டு அம்மாள் சாகும்போது விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாளாம். பாலித் தீவிலிருந்து வந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்குமே வார்த்தைகள் திக்கித் திக்கித்தான் வந்தன.

"திட்டுங்க பேரக் கேட்டேன். கையில இருந்த விசிறியக் கீழ போட்டுட்டா. ஒண்ணொண்ணா விரல் மடக்கிச் சொன்னா. அஞ்சும் சரி. அப்புறம் என்னையே திருப்பிக் கேட்டா, 'ஆறாவது ஏன் அக்கா சொல்லல? முறத்திட்ட மறந்திடுச்சா?'ன்னு."

எல்லம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பங்குனி மாசம் தண்ணீர் வற்றும்போது நண்டுமேட்டுக்குப் பக்கத்தில் முறம் அகலத்துக்கு மணல் தலைகாட்டும். இரண்டு சிறுமிகள் ஒட்டி உட்கார்ந்தால் அவ்வளவுதான், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பேர் வைத்ததே காசிதான். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. விரல் நுனியில் ஏரி முழுவதையும் வைத்திருந்தவள் அதைத் தொலைத்துவிட்டிருந்தாள். அத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த அழுகை அந்த முறத்திட்டுக்காக வந்தது. லத்தீபா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்து எல்லம்மா கேட்டாள். "அங்க அடிச்சாங்களான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் அப்துல் ஷுக்கூர். "அத்த விடுங்கன்னு சொல்லிட்டா. அக்கா சோறு தின்னிச்சான்னு மட்டும் கேட்டா. தின்னிச்சின்னேன். சிரிச்சா."

நீலமேகம் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"இன்னொண்ணு கேட்டா," என்றார் மரக்காயர். "ரெட்டைப்பனைத் துறை இருக்கான்னு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. அக்கா கிட்டயே கேட்டுக்கினு வரேன்னுட்டேன். தையில போவச்சொல்ல சொல்லணும். யோசிச்சி வெய்யி."

ஆடியிலிருந்து தை வரை எல்லம்மா யோசித்தாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன? அங்கிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பனைகள் நிற்கின்றன, நம் வீட்டுக் கூரையை மாற்றினோம் என்று சொன்னால் காசி சந்தோஷப்படுவாள். பல நாள் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். ஆனால் தண்ணீரில் குந்தி, பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு தடவும்போதெல்லாம், ஆறாவது திட்டைக் கேட்டவளிடம் பொய் சொல்வது எப்படி என்று தோன்றியது.

கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு போய்ச் சொன்னாள். அப்துல் ஷுக்கூர் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"ஊரை ஆறு தின்னுடுச்சின்னு சொல்லுங்க. பனையும் போச்சி. ஆறு இப்ப தெக்கால பாயுது. அஞ்சு திட்டுல மூணு கரைஞ்சிடுச்சி, கொக்குத்திட்டு பெருசாயிடுச்சி, அது மேல கோரை மண்டிக் கெடக்குது. நம்ம வீடு இருந்த எடத்துல இப்ப இடுப்பளவு தண்ணி. அங்க இறால் கொழுத்துக் கெடக்கு, நாந்தான் புடிக்கிறேன். நைனா போய்ட்டாரு, நோவு இல்லாமப் போனாருன்னு சொல்லுங்க. நான் நல்லா கீறேன். எனக்குக் கொழந்தை இல்ல, புருஷன் கீறாரு, கழி வெட்டித் தராரு. முறத்திட்ட நான் மறந்துதான் போய்ட்டேன். வர்ற பங்குனியில தேடிப் பாக்கிறேன்னு சொல்லுங்க."

மரக்காயர் காத்திருந்தார். "வரச் சொல்லட்டுமா? கேட்டுப் பாக்கலாம். கஷ்டந்தான், ஆனா கேக்கலாம்."

"வேணாம்" என்றாள் எல்லம்மா.

திரும்பும்போது வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாய் விரித்திருந்ததால் நீலமேகத்துக்கு வேலை இல்லை. பாதி ஏரி வரை சும்மா வந்தவன், பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"இத்தினி வருஷம் கழி நட்ட. வான்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா?"

"மூணு புள்ள கீதாம்ல. அது கப்பல் ஏறினா அதுங்க அந்தக் கரையில நின்னு கத்தும்."

நீலமேகம் சுக்கானைத் திருப்பினான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பாய்க்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆடியில் பதில் வந்தது. கேட்டு முடித்ததும் காசி, கொக்குத்திட்டில் கோரை எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டாள் என்று மரக்காயர் சொன்னார். அதற்கடுத்த தையிலும் ஒரு செய்தி போயிற்று. பிறகு அப்துல் ஷுக்கூருக்குக் கால் வீங்கி நடமாட்டம் குறைந்தது, கடல் ஏறுவதை நிறுத்திவிட்டார். வேறு கப்பலில் போனவர்கள் அந்த அங்காடியில் அப்படி ஒருத்தியைப் பார்க்கவில்லை என்றார்கள். இடம் மாறியிருக்கலாம், இறந்திருக்கலாம். தெரியவில்லை.

எல்லம்மா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள். கடைசி வரை கையால் தடவித்தான் பிழைத்தாள். தை மாசம் கோட்டைக்கு அப்பால் கப்பல்கள் பாய் ஏற்றுகிற நாட்களில், புதுமேட்டுப் பெண்கள் எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் வேலையாக இருப்பார்கள். எல்லம்மா மட்டும் பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்வாள். வாய் லேசாகத் திறந்திருக்கும், பேசமாட்டாள். கடைசிப் பாய்மரமும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அப்படியே நின்றிருந்துவிட்டு, மறுபடி குந்தி சேற்றுக்குள் கையை விடுவாள்.